ஆபீசர் கேட்டால்

திருபுவனை கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் மரியதாஸ் இருக்கும்வரை, பதினெட்டு முடியாத பிள்ளை எதுவும் உள்ளே போக முடியாது. ஊர்க்காரர்கள் வந்து கெஞ்சினாலும், "பிரஸ் மெஷின் இன்னா வெளாட்டு சாமானா?" என்று எரிந்து விழுவார்.

அப்படிப்பட்டவர்தான், பத்தாவதில் தவறிய தன் இளைய மகள் சுவேதாவை, அவள் அக்கா ஜெயசித்ராவின் ஆதார் கார்டோடு உள்ளே விட்டார். சுவேதாவுக்குப் பதினாறு வயது. வீட்டில் போனும் கையுமாகக் கிடக்கிறாளே என்ற கடுப்பு அவருக்கு.

"ஆபீசர் யாராச்சும் கேட்டா அக்கா பேரச் சொல்லு, அக்கா வயசச் சொல்லு. என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத" என்று ஒரு வாரம் ஒப்பிக்க வைத்தார்.

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான், அவளை நிறுத்திய அந்தத் தகடு வெட்டும் பிரஸ் இறங்கும். வேலை வேகமாக நடக்க, ஒரு பட்டனை அழுத்தியபடியே டேப் போட்டு ஒட்டிவைத்திருந்தார்கள். மூன்றாவது வாரம், சும்மா இருந்த சுவேதாவின் இடது கை உள்ளே மாட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மரியதாஸிடம் திரும்பினார்.

"நீங்க யாரு? பொண்ணுக்கு என்ன வயசு?"

வேலை போனால் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மரியதாஸ் வாயைத் திறந்தார்.

அதற்குள் கண் செருகிக் கிடந்த சுவேதா, திக்காமல் திணறாமல் ஒப்பித்தாள்.

"பேரு ஜெயசித்ரா சார். வயசு பத்தொம்பது. இவரு யாருன்னே எனக்குத் தெரியாது."