உப்பிய பேட்டரிகளும் லிங்கத்தின் கால்களும்

2004ஆம் ஆண்டு ஓணத்துக்கு முந்திய வாரம், தேங்காய் விலை ஏறிய அதே நாளில், ஆரியசாலையில் செல்போன் பழுது பார்க்கும் லிங்கம் தரைக்கு ஒரு சாண் மேலே நடக்கத் தொடங்கினான். தெரு முதலில் தேங்காயைப் பற்றித்தான் பேசியது. சாயங்காலம், சாக்கடை மூடி உடைந்து தண்ணீர் தேங்கிய இடத்தை அவன் செருப்பு நனையாமல் கடந்து போன பிறகுதான் மிளகாய்க் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். காரணத்தில் ஒரு மர்மமும் இல்லை. அவன் சட்டைப்பையிலும் பேண்ட் பையிலும் உப்பிப்போன செல்போன் பேட்டரிகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. உப்பியது எழும்பும், எழும்புவது ஆளையும் தூக்கும், இதில் வாய் பிளக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தெரு மறுபடி தேங்காய்க்குப் போய்விட்டது.

லிங்கம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இந்த மலையாளப் பட்டணத்துக்கு வந்தவன். கிழக்கேகோட்டை நடைபாதையில் டார்ச்லைட் விற்றான். தீர்ந்துபோன பேட்டரிக்கட்டையை வெயிலில் காயவைத்து, பல்லால் ஒரு கடி கடித்துப் போட்டால் ரேடியோ இன்னும் இரண்டு நாள் பாடும். அந்த வித்தையில் அவனுக்கு நல்ல பேர் இருந்தது. செல்போன் வந்ததும் ஆரியசாலையில், அழகியநம்பி அண்ணாச்சி கற்பூரச் சரக்கு அடுக்கும் கிட்டங்கியை ஒட்டி ஒரு பெட்டிக்கடை பிடித்தான். பேட்டரி மாறிவிட்டது, கை மாறவில்லை. ஜனங்கள் தூக்கிப் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன உப்பல் பேட்டரிகளை, செத்ததை எழுப்பிவிடலாம் என்கிற பழைய நம்பிக்கையில், கிட்டங்கியின் தகரக்கூரைமேல் அப்பளம் மாதிரி பரப்பிக் காயவைத்தான். காய்ந்ததைப் பையில் போட்டுக்கொண்டான். கடிப்பதை மட்டும் அவன் மனைவி பூமாரி தடுத்திருந்தாள்.

பூமாரிக்கு அதே கிட்டங்கியில் கற்பூரம் பொட்டலம் கட்டும் வேலை. பீடியோடு யாராவது வாசலைக் கடந்தால் அவள் போடும் சத்தம் பழவங்காடி வரை கேட்கும். அப்படிப்பட்டவளுக்கு, தலைக்குமேல் காய்கிற பேட்டரிகளும், பை நிறைய அதையே சுமந்து மிதக்கிற புருஷனும் வாய்த்தால் எப்படி இருக்கும்? ஒன்று இந்த மனுஷன் போவான், இல்லாவிட்டால் தெருவே போகும் என்று அவள் புலம்பினாள். தெருவோ அவனைக் கொண்டாடியது. ஏணி இல்லாமல் ஓணத்துக்குத் தோரணம் கட்டினான். உச்சித் தட்டிலிருந்து கற்பூரப் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தான். அண்ணாச்சி தன் கையாலேயே அவனுக்குச் சாயா நீட்டினார். லிங்கத்துக்குத் தலை கனத்தது, உடம்பு கனக்கவில்லை. சிவராத்திரி வந்தபோது கரண்ட் கம்பத்தின் பாதி உயரத்துக்குப் போயிருந்தான். வீட்டில் உத்தரத்தில் முதுகு ஒட்டத் தூங்கினான். பூமாரி பக்கத்தில் ஆளில்லாத பாயில் படுத்துக்கொண்டு, மேலிருந்து வரும் குறட்டையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது.

பலாச்சக்கைக் காலம் தொடங்குமுன்பே ஒருநாள் வீடு முழுக்கப் பழுத்த சக்கை மணம். தேடிப் பார்த்தால் அது அவன் சட்டையிலிருந்து வந்தது. கற்பூரம் வாங்க வந்த சிவதாணுவிடம் பூமாரி சொன்னாள். அவர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவர். கேட்டதும் முகம் மாறியது.

"மக்கா, உப்பினா அது செத்தாச்சுன்னு வை. வெயிலு காட்டப்படாது, குத்தப்படாது, திரும்பச் சார்ஜில போடப்படாது. அந்த மணம் வந்தா வீட்டுக்குள்ளேயே வைக்கப்படாது. மணலு நிறைச்ச பானையில போட்டு வெளியில, பத்துற சாமான் இல்லாத இடத்துல வை."

பூமாரி இதை அப்படியே அண்ணாந்து ஒப்பித்தாள். "டார்ச் காலத்துலேருந்து பேட்டரி கூடத்தான் கெடக்கேன். எனக்கே படிச்சுத் தாறியாக்கும்?" என்று மேலிருந்து பதில் வந்தது. அவள் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு மணல் சுமந்து வந்து, பெரிய பானைகளில் நிரப்பி, கிட்டங்கிக்கு எட்டத் தெருவின் அந்தப் பக்கம் வைத்தாள். செடி நடப் போகிறாளா என்று தெரு கேலி பேசியது.

மீன மாதத்து வெயிலில் தகரம் பழுக்கக் காய்ந்த ஒரு மத்தியானம், கூரைமேல் ஒரு பேட்டரி சீறியது. நெருப்பைக் கக்கிக்கொண்டே சரிவில் வழுக்கி, கிட்டங்கியின் காற்றுச் சன்னலை நோக்கி வந்தது. பூமாரி போட்ட கூச்சலில் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவள் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியால் அதைத் தெருவுக்கு இழுத்துத் தள்ளி, மணலை வாரிக் கொட்டினாள். மிச்சம் காய்ந்ததையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பானையில் சேர்த்தாள். நிமிர்ந்து பார்த்தால், கூரைக்கு மேலே மிதந்த லிங்கத்தின் சட்டைப்பையிலிருந்து வெள்ளையாகப் புகை.

"பையைக் காலி பண்ணுங்க!"

"காலி பண்ணினா நான் சாதா ஆளாயிருவேன்டி," என்றான் லிங்கம். அந்த நிலையிலும் சொன்னான், பாருங்கள்.

"ஊருக்குத்தான் நீங்க அதிசயம்! எனக்குப் பக்கத்துல உக்காந்து சோறு திங்க ஒரு ஆளு வேணும்!" பூமாரி தெரு என்றும் பாராமல் தேம்பி அழுதாள்.

லிங்கம் தெருவின் அந்தப் பக்கம் நகர்ந்து, நேர் கீழே பானைகள் இருக்கும்படி நின்று, பைகளைக் கவிழ்த்தான். பேட்டரிகள் மணலில் விழுந்து, வெடித்து, புகைந்து அடங்கின. கிட்டங்கியில், வழக்கமாகக் காற்றில் கரைவது போக, ஒரு வில்லை கற்பூரம்கூடக் குறையவில்லை.

ஆனால் பை காலியான பிறகும் லிங்கம் இறங்கவில்லை. மேலேதான் போய்க்கொண்டிருந்தான், முகத்தில் ஈயாடவில்லை. பூமாரி கிட்டங்கிப் பெட்டிகளை அடுக்கி, மேலே ஏறி, எட்டி அவன் கையைப் பிடித்தாள். பிடித்ததும் இறங்கி வந்து தரையில் நின்றான். விட்டாள், ஒரு சாண் எழும்பினான். மறுபடி பிடித்தாள், நின்றான். ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

அதன்பின் வந்த வருஷங்கள் நல்லபடியாகவே போயின. லிங்கத்தின் கடையில் அந்தந்தப் போனுக்கு உள்ள பேட்டரியும் சார்ஜரும் மட்டும்தான் கிடைக்கும். மலிவாக வேறு கேட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவான். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுகிறவர்களிடம் தரை தொடாத தன் கால்களைக் காட்டுவான், அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. உப்பியது வந்தால் மணல் பானை, அப்புறம் பழைய பேட்டரி எடுக்கிற வண்டி. வீட்டில் அவன் தரையில்தான் தூங்குகிறான், பூமாரியின் கை அவன்மேல் கிடக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் பட்டப்பகலில் கைகோத்து நடப்பதைப் பார்த்துத் தெரு ஒரு மாதம் கேலி செய்தது. இப்போதுதான் தேனிலவா என்று அண்ணாச்சியே கேட்டார். பூமாரி முகம் சிவந்தாலும் கையை விடவில்லை. பிறகு கேட்பாரில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இருவரும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போவார்கள். ஓங்கி எறிய அவளுக்கு இரண்டு கையும் வேண்டும், ஆகவே அந்த ஒரு நொடி அவனை விடுகிறாள். லிங்கம் ஒரு சாண் எழும்புகிறான். தேங்காய் சிதறுகிறது. அவள் திரும்பிப் பாராமல் கையை நீட்ட, அவன் அதைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறான். பின்னால் தேங்காயோடு காத்து நிற்கிறவர்கள், "ஒந்நு மாறித் தரோ" என்று மலையாளத்தில் வழி கேட்கிறார்கள்.