இரண்டு எக்ஸ்சேஞ்சும் ஒரு கேபிள் வாடகையும்

முரளிதரனுக்கு ஆபீசில் கோ மின் தூ என்று பெயர். ரங்கூனில் இரண்டு பெயர் வைத்துக்கொள்வது பாவமில்லை. வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் வளர்கிறார்கள். இவன் ஒரு படி மேலே போய், தனக்குத் தமிழே தெரியாது என்று சொல்லிக்கொண்டான். தீபாவளிக்கு அம்மா பவுனம்மாள் சுட்டுத் தரும் அதிரசத்தைக் கடையில் வாங்கியது என்று சொல்லித்தான் ஆபீசில் எல்லாருக்கும் கொடுப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

அவன் வேலை பார்த்தது வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில். அவர்களுடைய வாடிக்கையாளர் ரங்கூனின் தின்கன்ஜூன் பேட்டையிலிருந்து அதே ஊரின் பசுந்தாங் பேட்டையில் உள்ள வேறு கம்பெனி வாடிக்கையாளருக்கு ஏதாவது அனுப்பினால், அது சிங்கப்பூர் வரை போய்த் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்குப் போகக் கப்பலேறுகிற கதைதான், கப்பல் கூலி கம்பெனியின் தலையில். இதைத் தவிர்க்கத்தான் ஊரிலுள்ள இணையக் கம்பெனிகள் ஓரிடத்தில் தங்கள் கம்பிகளைக் கொண்டுவந்து சேர்த்து, தங்களுக்குள் நேரே கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. அந்த இடம்தான் எக்ஸ்சேஞ்ச்.

அவர்கள் சேர்வதற்கு இரண்டு எக்ஸ்சேஞ்சுகள் இருந்தன. ஒன்று போட்டாதாங்கில் ஆற்றோரக் கிடங்கு ஒன்றின் மாடியில். மற்றது நகர நடுவில் புதிய கண்ணாடிக் கட்டடத்தில். "இரண்டையும் பார்த்துவிட்டு எது லாபம் என்று சொல்" என்றார் முதலாளியம்மா டோ கின் மே.

போட்டாதாங்குக்கு அந்த அம்மாளும் கூட வந்தார். எக்ஸ்சேஞ்சை நடத்தும் சிலுவைமுத்து நாற்பத்தைந்து வயதுக்காரர். தன் பெயரை ஓர் எழுத்துக்கூடக் குறைக்காமல் பர்மிய எழுத்தில் கார்டு அடித்து வைத்திருந்தார். ஊர்க் கம்பெனிகள் முக்கால்வாசி அவரிடம்தான் இருந்தன. கட்டணம் உண்டு, ஜெனரேட்டர் டீசலில் பங்கு உண்டு. ஆனால் கட்டடத்துக்குள் இழுக்கும் கேபிளுக்கு வாடகை கிடையாது. டீசல் விற்கிற விலையில் இன்னும் ஒரு கம்பெனி சேராவிட்டால் மழைக்காலத்தோடு மூடவேண்டியதுதான் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

கிளம்பும்போது அவர் முரளியின் தோளைத் தொட்டுத் தமிழில் கேட்டார்.

"பசுந்தாங் பவுனம்மாக்கா மவன்தானே தம்பி நீ? அம்மா சவுக்கியமா?"

டோ கின் மே திரும்பிப் பார்த்தார். முரளிக்குக் காது சுட்டது. "மன்னிக்கணும், எனக்கு இந்தப் பாஷை தெரியாது" என்றான் பர்மிய மொழியில்.

சிலுவைமுத்து கையை எடுத்துக்கொண்டார். பெற்ற தாயின் நலம் விசாரித்ததற்கு இப்படி ஒரு பதிலை அவர் கேட்டிருக்கமாட்டார்.

அன்றிலிருந்து முரளிக்கு ஒரே பயம். போட்டாதாங்தான் நல்லது என்று எழுதினால், 'களா களாவுக்குத்தான் உழைப்பான்' என்று ஆபீசில் பேசமாட்டார்களா? இந்தியர்களை முதுகுக்குப் பின்னால் களா என்றுதான் சொல்வார்கள். கண்ணாடிக் கட்டடத்தில் முதல் வருஷம் கட்டணமே கிடையாது. ஆனால் உள்ளே இழுக்கும் ஒவ்வொரு கேபிளுக்கும் மாதாமாதம் வாடகை. சேர்ந்திருக்கும் கம்பெனிகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். மூன்று வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தால் போட்டாதாங்தான் மலிவு, ஊருக்குள் போகும் இணையப் போக்குவரத்தும் அங்கேதான் அதிகம். இது முரளிக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்தும் ஒரு வருஷத்துக்கு மட்டும் கணக்குப் போட்டான். போட்டாதாங்கின் டீசல் பங்கைச் சேர்த்தான், கண்ணாடிக் கட்டடத்தின் கேபிள் வாடகை இருந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டான். பொய்யாக ஒன்றும் எழுதவில்லையே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். பொய் எழுதுகிறவனுக்காவது தைரியம் வேண்டும்.

முடிவு செய்கிற நாளில் டோ கின் மே சிலுவைமுத்துவையும் ஆபீசுக்கு வரச்சொன்னார். முரளியின் பட்டியல் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. கண்ணாடிக் கட்டடம் பாதி விலையில் நின்றது.

சிலுவைமுத்து மேலிருந்து கீழ்வரை வாசித்தார். எது இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் முரளியைப் பார்த்தார். முரளி தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"இதில் தப்பு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், ஊ சிலுவை" என்றார் டோ கின் மே, பெரியவர்களை அழைக்கும் பர்மிய மரியாதையோடு.

"இருப்பதெல்லாம் சரிதான். உங்கள் பையன் கவனமாகச் செய்திருக்கிறார்" என்றார் அவர்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். உடம்பெல்லாம் கூசியது முரளிக்கு. டோ கின் மே பேனாவை எடுத்ததும், "ஒரு வரி விட்டுப்போச்சு" என்றான். கண்ணாடிக் கட்டடத்தின் கேபிள் வாடகையைச் சொன்னான். மூன்று வருஷக் கணக்கையும் சொன்னான். எல்லாம் மனப்பாடமாக வந்தது. மறந்தவனுக்கு அப்படி வருமா?

"எப்படி விட்டுப்போச்சு?"

"மறந்துட்டேன்."

அப்போதும் ஒரு பொய். டோ கின் மே அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரும் நீயும் ஒரே ஆட்கள் என்று எனக்குத் தெரியாதா? அதனால் உனக்கு அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்திருக்கும், தைரியமாகச் சொல்வாய் என்றுதான் உன்னிடம் கொடுத்தேன்." பிறகு இன்னொன்றும் சொன்னார். "அந்த அதிரசம் எந்தக் கடையிலும் கிடையாது மின் தூ. நான் தேடிப் பார்த்தாச்சு."

மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான், யாருக்கும் அவன்மேல் கோபமில்லை. இத்தனை வருஷமாக யாரிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவனுக்குத் தலை நிமிரவில்லை. டோ கின் மே போட்டாதாங்கோடு ஒப்பந்தம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சிலுவைமுத்து கிளம்பினார். முரளி பின்னாலேயே ஓடினான். லிஃப்டுக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றபோது கரண்ட் போனது. ஜெனரேட்டர் போடும் வரை அங்கேயே நிற்கவேண்டும். வேறு யாரும் இல்லை.

"அண்ணே" என்றான் தமிழில். "அம்மா சவுக்கியமா இருக்காங்கண்ணே. கால்வலி மட்டுந்தான். ஒங்களப் பாத்தேன்னு நான் இன்னும் சொல்லல. சொன்னா என்ன பேசினேன்னு கேப்பாங்க."

கீழே ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. விளக்கு வந்தது. சிலுவைமுத்துவின் முகத்தில் கோபம் இல்லை. புது வாடிக்கையாளரிடம் காட்டவேண்டிய மரியாதை இருந்தது.

"நல்லது, கோ மின் தூ" என்றார், சுத்தமான பர்மிய மொழியில். "கேபிள் இழுக்க எப்போது வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஆள் வைத்திருக்கிறேன்."

லிஃப்ட் வந்தது. அவர் உள்ளே போய், இவனும் வருவானென்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முரளியால் ஏற முடியவில்லை.