இருமலுக்கு ஒரு பைப்பு

மூச்சுக்கு விலை பதினெட்டு ரூபாய். அழகுசுந்தரம் செட்டியார் அதையும் பேரம் பேசிப் பதினைந்துக்கு இறக்கினார். காரைக்குடிக் கடைவீதியில் சாதிக் அலி ராவுத்தர் விற்றது என்னவோ புகைபிடிக்கிற ஒரு பைப்புதான். செட்டியார் வாங்க வந்ததோ, மகள் கல்யாணம் முடிகிறவரை யாரும் கேள்வி கேட்காமல் இருமிக்கொள்ள ஒரு சாக்கு.

ரங்கூன் கடையை அந்த ஊர் அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் ஆகிறது. கப்பலில் அவரோடு வந்து இறங்கியது இருமல் மட்டும். மதுரை டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் படுத்தே ஆகவேண்டும் என்றார். படுத்தால் ஊருக்குத் தெரியும். காசநோய்க்காரன் பெண்ணை எவன் எடுப்பான்? மகள் தேனம்மைக்குக் கோட்டையூரில் சம்பந்தப் பேச்சு முடிகிற நேரம் வேறு. மாப்பிள்ளையின் அப்பா மெய்யநாதன் பினாங்கில் இருந்தவர். பைப்பு வாயை விட்டு இறங்காது. தானும் பிடித்தால் சம்பந்திக்கும் பிடித்துப்போகும், இருமலுக்கும் ஒரு பேர் கிடைக்கும். ஒரே முதலில் இரண்டு லாபம்.

"மொத வாரம் பைப்புக் கிண்ணத்துல பாதிக்குப் புகையிலை போதும் செட்டியாரே," என்றார் ராவுத்தர். "அடியில தளர்த்தியா, மேல கொஞ்சம் இறுக்கி அடைங்க. சுடுகாப்பி மாதிரி மெதுவா உறிஞ்சணும். புகை வாயோட நிக்கணும், நெஞ்சுக்கு எறக்கப்படாது. அப்படிக் குடிச்சா இருமலே வராது."

"வராதா?" செட்டியாரின் முகம் வாடிவிட்டது. "வரணும்னா?"

"வரணும்னா சுருட்டு வாங்கிக்கிருங்க. விலையும் கம்மி."

செட்டியார் சிரிக்கப் போய் இருமினார். கைக்குட்டையை மடிப்பதற்குள் ராவுத்தர் சிவப்பைப் பார்த்துவிட்டார்.

"இது என் சரக்குக்கு வர்ற இருமல் இல்லையே," என்று குரலைத் தாழ்த்தினார். "பைப்பை வச்சிட்டுப் போங்க. காசைத் தந்துர்றேன்."

"வித்ததைத் திரும்ப வாங்குற ஏவாரியை இப்பத்தான் பாக்குறேன்," என்று எழுந்துகொண்டார் செட்டியார்.

வெள்ளிக்கிழமை மெய்யநாதன் செட்டியார் வீட்டுக்கு வந்தார். முகப்பில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். செட்டியார் இருமினார். "பைப்பு புதுசு பாருங்க, இன்னும் பழகலை," என்றார்.

மெய்யநாதன் தன் பைப்பைக் கீழே வைத்தார். "புகையை உள்ள வாங்குனா தலை சுத்தும், உமட்டும். நானும் பட்டவன்தான். நீக பத்தவைக்கிறதுக்கு முந்தியே இருமுறீக. எப்பருந்து?"

பொய் நாக்கு வரை வந்து நின்றது. "கப்பல்ல இருந்து."

"பொண்ணுக்கு?"

"படம் எடுத்தாச்சு. சுத்தமா இருக்கா."

மெய்யநாதன் கீழே வைத்த பைப்பை எடுத்துச் சாம்பலைத் தட்டிக் கொட்டினார். "ஆவணி வரைக்கும் இழுக்க வேணாம். வாற வைகாசியிலயே முடிப்போம். இந்த வீட்டுல ஒரு சாவு, கேதம்னு வந்துட்டா வருசம் ஒண்ணு தள்ளிப்போகும். ஆனா ஒண்ணு. திருப்பூட்டு முடிஞ்சு தாலி ஏறுன பெறகு நீக அங்குட்டு வரக்கூடாது. அவளும் இங்குட்டு வரமாட்டா. பிள்ளை பெறந்தா ஆள் விட்டுச் சொல்றேன்."

"பொங்கலுக்கு ஒரு தடவை, வாசல்ல நின்னு..."

"இல்லை செட்டியாரே."

"தெருவுல நின்னு?"

மெய்யநாதன் பைப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தேனம்மை அப்பாவுக்குக் காப்பி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். "ஆறிரும், குடிங்க அப்பச்சி."

அவள் மேல் மூச்சுப் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் செட்டியார். மனசு பழக்கதோஷத்தில் கூட்டிக் கழித்தது. வரவு, பெண்ணுக்கு ஒரு வீடு. பற்று, பெண். பாக்கி இல்லை.