வள்ளித்தாயின் நிறம்

“இது யாருண்ணே? எங்கம்மா கருப்புல்லா?”

மூன்று வருசத்துக்கு முன், தன் காதணி விழா வீடியோவைப் பார்த்துவிட்டு அழகுமீனா இப்படித்தான் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. வீடியோ எடுத்த மாரீஸ்வரன் சிரித்தான். அவள் அம்மா வள்ளித்தாய் அவனைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

“ஏந்தம்பி, எம்மூஞ்சிக்கு ஆலங்குளம் சிமெண்டயா பூசினீக?”

சிவகாசியில் முகம் கருப்பாகத் தெரிந்தால் வீடியோக்காரனுக்குத்தான் ஏச்சு. அதனால் எல்லா விசேஷத்துக்கும் அவன் ஒரே ‘லட்’டைப் போடுவான். லட் என்பது நிறங்களின் பட்டியல். இந்த நிறம் வந்தால் அதை அந்த நிறமாக்கு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அவன் வைத்திருந்தது மாநிறத்தையும் கருப்பையும் சிவப்பாக்குவது. பங்குனிப் பொங்கல் சீசனில் ஆர்டர் குவிந்தபோது, ஹார்டு டிஸ்கில் இடம் போதாமல், லட் போடாத பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டான்.

போன வருசம் தாயில்பட்டிப் பக்கம் வள்ளித்தாய் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வெடித்தது. அவளைத் துணியில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை.

இப்போது அவள் கணவன் முனியராஜ் மாரீஸ்வரனின் கடைக்கு வந்திருந்தான்.

“வெள்ளிக்கெழம அவளுக்கு வருசச் சாமி கும்பிடுதோம் தம்பி. நீங்க எடுத்த வீடியோவுலருந்துதான் படம் போட்டு வச்சேன். பாப்பா பூ வைக்க மாட்டேங்கா. இது எங்கம்மா இல்லங்கா.”

“வேற போட்டோ இல்லையாண்ணே?”

“போனு அவளோடயே போச்சு. ஆதார் கார்டுல இருக்கது அவளா நானான்னே தெரியல.” சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “பழைய நெறத்துக்கே மாத்திருவீகளா?”

“பாக்கேண்ணே.”

பட்டியலைத் தலைகீழாக வாசிக்க வேண்டியதுதானே என்று நினைத்து உட்கார்ந்தான். ஆனால் போகும்போது பத்துக் கருப்பு ஒரே சிவப்பாகப் போயிருந்தது. திரும்பி வரும்போது அந்தச் சிவப்பு எந்தக் கருப்பாக வரும்? வெடித்த சரத்தின் தாளைப் பொறுக்கி, எது எந்த வெடியின் தாள் என்று பிரிப்பது மாதிரி இருந்தது. வெயில் பட்ட நெற்றியும் கன்னமும் சாம்பல் திட்டாகத்தான் வந்தன. தானே ஒரு நிறத்தைப் பூசிவிடலாம். ஆனால் அவளுக்கு இல்லாத நிறத்தை ஒரு தடவை கொடுத்ததே போதும் என்று தோன்றியது. மாரியம்மனை வேண்டிக்கொண்டு, அவள் வருகிற இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான்.

மூன்றாம் நாள் ஒரு காட்சியில் நின்றான். பந்தி முடிந்தபிறகு, ஸ்டாண்டில் அணைக்க மறந்த கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வள்ளித்தாய் சட்டியைச் சுரண்டி ஓர் இலையை நிரப்பி அவனிடம் நீட்டுகிறாள்.

“கேமராக்காரவுக பட்டினியா போறதா? நான் அப்பவே சாப்பிட்டேன் தம்பி.”

அவன் குனிந்து சாப்பிடுகிறான். அவனுக்குப் பின்னால் அவள் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடிக்கிறாள்.

மாரீஸ்வரன் முழு வீடியோவையும் ஓட்டிப் பார்த்தான். அன்று எந்தப் பந்தியிலும் அவள் உட்காரவே இல்லை.

இலையை நீட்டிய கை மட்டும் பந்தல் நிழலில் இருந்தது. அங்கே லட் அவ்வளவாக ஏறவில்லை. கருத்த கை, நகக்கண்ணில் பட்டாசுக்குப் போடும் அலுமினியத் தூளின் வெள்ளி. பட்டியலைத் தலைகீழாக்கியதும் அந்த நிறம் அப்படியே திரும்பி வந்தது. அதை மட்டும் படமாக்கி எடுத்துப்போனான்.

அழகுமீனா நெடுநேரம் பார்த்தாள். படத்தின் மேல் தன் கையை வைத்தாள்.

“கை அம்மாதுதான். மூஞ்சி வராதாண்ணே?”

“வராது பாப்பா.”

அவள் அழவில்லை. வெள்ளிக்கிழமை கைப் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, முகம் இருந்த படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அன்று எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். கம்பெனி வேனில் வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுப் போனார்கள். முனியராஜ் காலையிலிருந்து உட்காராமல் பரிமாறிக்கொண்டே இருந்தான். கடைசியாகச் சட்டியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. மாரீஸ்வரன் முன் ஓர் இலை வந்தது.

“சாப்பிடுங்க தம்பி, இந்தா வந்துட்டேன்” என்று முனியராஜ் பெரியவர்களை வழியனுப்ப வாசலுக்குப் போனான்.

வீட்டுக்குள் யாரும் இல்லை. மாரீஸ்வரன் சோற்றில் கை வைக்காமல், இலையோடு ஒரு தட்டில் தூக்கி வைத்து, அடுப்படியில் மூடி போட்டு வைத்தான். வாசலில் முனியராஜ் கேட்டான்.

“சாப்பிட்டீகளா?”

“அப்பவே சாப்பிட்டேண்ணே.”

தெருமுனைக் குழாயில் யாரும் இல்லை. இரண்டு கையையும் குவித்து, வயிறு நிறைகிற வரை தண்ணீர் குடித்தான்.