மூன்றாவது தோடு

வாஷிங் மெஷின் பொங்கல் வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணியெல்லாம் உள்ளே கிடக்க, தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிட்டது.

சந்தியா பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலிருந்தபடியே பட்டுச்சேலைகளுக்குக் குச்சு கட்டுகிறவள். அவள் கணவன் லோகேஷ் ஆட்டோ ஓட்டுகிறான். புது மெஷின் வாங்க வசதி கிடையாது. பட்டுக்கடை வைத்திருக்கும் பஞ்சாட்சரத்தின் மனைவி ஏலவார்குழலி, தன் சேலைகளுக்கெல்லாம் சந்தியாவிடம்தான் குச்சு கட்டக் கொடுப்பாள். தீபாவளிக்கு அவர்கள் வேறு மெஷின் வாங்கியபோது பழையதைக் குறைந்த விலைக்குச் சந்தியாவுக்குத் தந்தாள்.

லோகேஷ் கீழே இருந்த சின்ன மூடியைத் திறந்து பில்டரைத் திருகி இழுத்தான். அழுக்குத் தண்ணீரோடு நூல் உருண்டை, ஒரு சேப்டி பின், துருப்பிடித்த ஹேர்பின் எல்லாம் விழுந்தன. கடைசியாக ‘டிங்’ என்று ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

சந்தியா எடுத்துத் துடைத்தாள். ஏழுகல் வைரத்தோடு. பின்னால் திருகாணி மட்டும் இல்லை.

லோகேஷ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பிறகு மெதுவாகச் சிரித்தான்.

"கடவுளா பாத்துக் குடுத்துக்கிறாருடி."

"ஏங்க, இது மெஷின் குடுத்த அக்காவோட தோடு. ஆடி மாசத்துல ஒன்னு காணாம போச்சே, அதுதான்."

"இருந்துட்டுப் போவட்டும். மெஷினை நாம துட்டு குடுத்து வாங்கினோம். உள்ள இருக்கறது நம்மளுதுதான். நாம இன்னா திருடிக்கினா வந்தோம்?"

"நாம திருடலை. காவேரியம்மாவும் திருடலைங்க."

லோகேஷின் சிரிப்பு நின்றது.

காவேரி அந்த வீட்டில் பல வருஷம் பாத்திரம் தேய்த்தவள், மெஷினில் துணி போட்டு எடுத்தவள். ஆடியில் தோடு காணாமல் போனதும் அவளை வாசலில் நிற்கவைத்து, எல்லோரும் பார்க்கச் சேலையை உதறிக் காட்டச் சொன்னார்கள். ஒன்றும் விழவில்லை. ஆனாலும் அவள்தான் எடுத்தாள் என்று அந்தத் தெருவே பேசியது. அதற்குப் பிறகு காவேரி டவுன் பக்கமே வரவில்லை.

"திருகாணி கழண்டு தோடு தலகாணி மேல விழுந்திருக்கும். உறையோட சேந்து மெஷினுக்குள்ள போயிருக்கும்" என்றாள் சந்தியா. "இத்த நாம வச்சிக்கினா, அந்தம்மா சாவற வரைக்கும் திருடிதான்."

லோகேஷ் தோட்டை வாங்கி இன்னொரு முறை பார்த்துவிட்டு அவள் முந்தானையிலேயே முடிந்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ சாவியை எடுத்தான். ஏலவார்குழலி வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் சந்தியா மட்டும் இறங்கினாள்.

ஏலவார்குழலிதான் கதவைத் திறந்தாள். தலைக்குக் குளித்து, ஈரத்தலையைத் துண்டில் சுற்றி இருந்தாள். சந்தியா முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனவள் அப்படியே நின்றாள்.

ஏலவார்குழலியின் இரண்டு காதிலும் ஏழுகல் தோடு இருந்தது.

அப்படியானால் இது யாருடையது? தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமா? அவள் முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையை விரித்தாள்.

"அக்கா, இது உங்க மெஷின்ல இருந்துச்சி."

ஏலவார்குழலி தோட்டைப் பார்த்தாள். அவள் கை தானாகத் தன் வலது காதுக்குப் போனது. முகம் வெளுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மெஷின்லயா?" என்றாள். "மெஷின்லயாடி இருந்துச்சி?"

"உங்களுது இல்லையாக்கா? உங்க காதுல ரெண்டும் இருக்குதே."

"இது..." என்று வலது காதைத் தொட்டுக் காட்டினாள். "இது புதுசா செஞ்சது. காவேரியோட சங்கிலிய அழிச்சி, மேல கொஞ்சம் தங்கமும் கல்லும் போட்டு..."

சந்தியாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. எடுக்காத தோட்டுக்காகக் காவேரி தன் கழுத்துச் சங்கிலியைக் கொடுத்திருக்கிறாள். அதை இவர்கள் வாங்கியும் இருக்கிறார்கள்.

உள்ளே இருந்து பஞ்சாட்சரம் வந்தார். சந்தியாவின் கையில் இருந்ததைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதோ பாரும்மா, நீ நல்ல பொண்ணு. இத நீயே வச்சிக்க. மெஷினோட உனக்குக் குடுத்ததா நெனச்சிக்கறோம். யாருகிட்டயும் பேச்சு மட்டும் வேணாம்."

ஆட்டோவில் இருந்த லோகேஷுக்கும் அது கேட்டது. காலையில் அவன் ஆசைப்பட்டதை இப்போது உடையவரே கொடுக்கிறார். ஆனால் அவன்தான் முதலில் இறங்கி வந்தான்.

"வேணாம் சார். அந்தம்மாவ இன்னொருவாட்டி திருடியாக்கிட்டு, எங்க வீட்டுல சோறு இறங்காது."

பஞ்சாட்சரத்துக்கு முகம் சிவந்தது. "நாங்க இன்னா வேணும்னா செஞ்சோம்? சங்கிலிய அவ புருஷனேதான் கொண்டாந்து குடுத்தான்!"

ஏலவார்குழலி எழுந்தாள். ஈரத்துண்டை அவிழ்த்துப் படியில் போட்டாள். கணவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் போய் ஏறினாள்.

"முசரவாக்கத்துக்குப் போப்பா, காவேரி வீட்டுக்கு" என்றாள். சந்தியாவும் ஏறிக்கொண்டாள்.

காவேரி வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை, ஞாயிறுதான் லீவு. ஏலவார்குழலியைக் கண்டதும் கையிலிருந்த துணி மண்ணில் விழுந்தது. அவள் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

"மறுபடியும் இன்னா காணாம போச்சும்மா?" என்றாள். "நான் உங்க தெருப்பக்கமே வரலியே."

ஏலவார்குழலி அழ ஆரம்பித்தாள். சந்தியாதான் விஷயத்தைச் சொன்னாள். காவேரி அழவில்லை. தோட்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் திரும்பிக் கூப்பிட்டாள்.

"யோவ், இங்க வா."

அவள் கணவன் ராமராஜன் வெளியே வந்தான்.

"இவருகிட்ட சொல்லுங்கம்மா. என் கழுத்துல இருந்து சங்கிலிய கழட்டினது இவருதான். பொண்டாட்டி ஜெயிலுக்குப் போறதுக்கு இது பரவால்லன்னு சொன்னாரு. நான் எடுக்கலன்னு ஆயிரம் வாட்டி சொன்னேன். இவரும் நம்பல."

"உங்க பொண்டாட்டி எடுக்கலைங்க" என்றாள் ஏலவார்குழலி. "மெஷின்லதான் இருந்துச்சி."

ராமராஜன் வெயிலில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"என் சங்கிலிய குடுங்க" என்றாள் காவேரி.

"அத உருக்கிட்டோம் காவேரி."

காவேரியின் பார்வை அப்போதுதான் ஏலவார்குழலியின் காதுக்குப் போனது. ஒரு காது, பிறகு மறு காது. பிறகு சந்தியாவின் கையில் இருந்த மூன்றாவது தோடு.

"ஐயோ!" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு வந்தது.

ஏலவார்குழலி அவசர அவசரமாக வலது காதுத் திருகாணியைத் திருகினாள். திருகிய வேகத்தில் காது மடல் சிவந்துபோனது. கழற்றிய தோட்டை நீட்டினாள்.

"இது உன்னுது. வாங்கிக்கம்மா."

"எனக்கு எதுக்கும்மா அது? நான் ஏழுகல்லு தோடு போட்டுக்கினு போனா ஊரு இன்னா சொல்லும்? பாத்தியா, அன்னிக்குத் திருடினத இன்னிக்குப் போட்டுக்கினு வரான்னு சொல்லாது?"

காவேரி ஏலவார்குழலியின் கையைத் தோட்டோடு தள்ளிவிட்டாள்.

"எனக்கு என் சங்கிலி மாதிரி ஒன்னு செஞ்சி குடுங்க. அத்தோட, என்னை நிக்கவச்சி சேலைய உதறச் சொன்னீங்களே, அதே எடத்துல நின்னு நான் எடுக்கலன்னு சொல்லுங்க. நானும் வந்து நிக்கறேன்."

சந்தியா மூன்றாவது தோட்டை ஏலவார்குழலியிடமே கொடுத்துவிட்டாள். சில நாளில் காவேரிக்குப் புதுச் சங்கிலி வந்தது. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாசலில் காவேரியின் பக்கத்தில் நின்று ஏலவார்குழலி சொன்னாள். முதலில் வாய்க்குள் முணுமுணுத்தாள். காவேரி, "அவங்களுக்குக் கேக்கலம்மா" என்றதும் மறுபடியும் உரக்கச் சொன்னாள். பஞ்சாட்சரம் வெளியே வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, "நான் அன்னிக்கே நெனச்சேன்" என்றாள். காவேரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள்.

மீண்டும் வேலைக்கு வரச் சொல்லி ஏலவார்குழலி கேட்டுப் பார்த்தாள். காவேரி தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள்.

அந்த வீட்டிலிருந்து சந்தியாவுக்குக் குச்சு கட்டச் சேலை வருவது நின்றுபோனது. பஞ்சாட்சரம் அனுப்ப விடவில்லை என்று கேள்வி. லோகேஷ் தன் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

முசரவாக்கத்தில் கம்பெனி வேன் நிற்கும் இடத்தில் ராமராஜன் தினமும் சாயங்காலம் வந்து காத்திருக்கிறான். காவேரி இறங்கியதும் அவள் கைப்பையை வாங்கிக்கொள்கிறான். அவள் கொடுக்கிறாள். ஆனால் அவனோடு இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.