கப்பா குனிந்தது, மிட்சுயோ குனியவில்லை

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வேறு யோக்கியமான காரணம் என்னிடம் இல்லை. முதலில் இப்படித் தொடங்கினேன்: "சிக்குகோ ஆற்றின்மேல் மூடுபனி மெல்ல…"

அந்த வரியை அடித்துவிட்டேன். ஒரு எலக்ட்ரீஷியன் செத்திருக்கிறார். மூடுபனி என்ன வேண்டியிருக்கிறது?

2
எங்கள் கண்காட்சிக் கூடத்தில் சுவர்தான் திரை. அதில் கப்பா நீந்தும். எதிரே நிற்பவர் குனிந்து வணங்கினால் கேமரா கண்டுகொள்ளும், கப்பாவும் குனியும். அந்தப் புரோகிராமை எழுதியவள் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. படித்துப் பூதத்துக்கு மரியாதை கற்றுக்கொடுத்தேன்.

(அடிக்குறிப்பு: கப்பா எங்கள் ஊர்க் கதைகளில் வரும் ஆற்றுப் பூதம். உச்சந்தலைக் குழியில் நிற்கும் தண்ணீர்தான் அதன் பலம். வணங்கினால் பதில் வணக்கம் வைக்காமல் அதனால் இருக்க முடியாது. தண்ணீர் சிந்தும், சுருண்டு விழும்.)

3
திறப்புவிழாவன்று தரைக்கடியில் தண்ணீர் கசிந்தது.

"கரண்ட நிறுத்துங்க குரோகி சான், அப்புறம் எறங்குறேன்" என்றார் எலக்ட்ரீஷியன் இசோபே.

மேலாளர் குரோகி சிரித்தார். "மேயர் வந்துட்டிருக்காரு. இருட்டுச் சுவத்தையா காட்டுறது? கப்பாவே தண்ணியிலதான்யா கெடக்கு. ஒனக்கென்ன?"

இசோபே இறங்கினார்.

[இங்கே அவருடைய கைகளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது.]

'அவராகவே இறங்கிவிட்டார்' என்றது நிறுவனம். நான் காதால் கேட்டதை இசோபேயின் மனைவி மிட்சுயோவிடம் அன்றே சொன்னேன்.

4
கூடத்தை மறுபடி திறந்ததும் மிட்சுயோ நேரே வந்தார். குரோகி இடுப்புவரை குனிந்தார்.

"மனசார வருந்துறோம்மா."

"வருத்தம் கெடக்கட்டும். எங்க வீட்டுக்காரரு கரண்ட நிறுத்தச் சொன்னாரா, இல்லியா?"

"விசாரண நடக்குதும்மா…"

எங்கள் ஊரில் ஒருவர் குனிந்தால் எதிரே இருப்பவர் கழுத்து தானாக இறங்கும். இறங்கினால் மன்னித்ததாக எடுத்துக்கொள்வார்கள். மிட்சுயோ அசையவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், சுவரில், கப்பா குரோகிக்கு வணக்கம் வைத்தது. தலைத் தண்ணீர் சிந்தி, சுருண்டு விழுந்தது. பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

குரோகி மறுபடி குனிந்தார். அது மறுபடி விழுந்தது. (அவரிடமிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. அழகான வரி, அதற்காகவே அடிக்க வேண்டும். அடிக்கவில்லை.)

"ஏய் ஷிஹோ, அத நிறுத்தித் தொலை!" குனிந்தபடியே என்மேல் சீறினார்.

"இப்ப மட்டும் கரண்ட நிறுத்தலாமா, குரோகி சான்?"

5
முடிவுகள். ஒன்று: குரோகி நிமிர்ந்து உண்மையைச் சொல்கிறார். (நம்புகிறவர்கள் கைதூக்கலாம்.) இரண்டு: எனக்கு வேலை போகிறது. போய்விட்டது, அது முடிவல்ல. மூன்று: மிட்சுயோ களைத்து, மெல்லத் தலையைத்

மாட்டேன். எழுத மாட்டேன்.

அவர் நிமிர்ந்தே நிற்கிறார். கழுத்து வலிக்கிறது. சுற்றிலும் எல்லோரும் குனிந்துவிட்டார்கள், எதிரே நீங்கள் மட்டும்தான் பாக்கி. அவர் கேட்டதற்குப் பதில் உங்களுக்குத் தெரியும். மூன்றாம் பகுதியில் படித்துவிட்டீர்கள்.

குனியாமல் சொல்லுங்கள்.