பாரணைக்குப் பேரிக்காய்

ஜெயசந்திரனுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனதிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆரணியில் நாற்பது வருடம் அரிசி மண்டி நடத்திய மனுஷன், ஒரு பிடி சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இப்படியே போனா ரெண்டு மாசம் தாங்குறதே கஷ்டம்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மகள் அனுஷா அழுதுகொண்டே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் புஷ்பராஜ் சுற்றுலாக் கப்பலில் சமையல்காரன். ஊர் உலகத்துக்கெல்லாம் ருசியாக ஆக்கிப் போடுகிறவனுக்குப் பெற்ற அப்பாவைச் சாப்பிட வைக்கத் தெரியாதா? அந்தத் திமிரோடுதான் வந்து இறங்கினான். பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு போர்ட் ஒயின் பாட்டில் இருந்தது. பிராந்தி கலந்து வீரியம் ஏற்றிய இனிப்பு ஒயின்.

வீடோ சமண நயினார் வீடு. வெங்காயம், பூண்டு கிடையாது. பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. மருந்துக்குக்கூடத் தேன் தொடமாட்டார்கள். அந்த அடுப்பில் போய் ஒயினைக் கொதிக்க வைத்தான், பாவி! பட்டை, கிராம்பு, சர்க்கரை போட்டு, தோல் சீவிய பேரிக்காயை அதில் வேகவிட்டான். கொதித்தால் சாராயமெல்லாம் ஆவியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முழுசாகப் போகாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும்.

"என்னாடா இது, இவ்ளோ செவப்பா கீது?"

"திராட்சைச் சாறுப்பா."

ஒரு துண்டு போனது. இன்னொன்று போனது. "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! நாலாம் நாள் தயிர்சோறு கேட்டார். பதினைந்து நாளில் இரண்டு கிலோ ஏறியது. அனுஷா அண்ணன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த பாட்டில் அவளுக்குத் தெரியாது.

உடம்பில் தெம்பு வந்ததும் ஜெயசந்திரன் விட்டுப்போன சதுர்த்தசி நோன்பைப் பிடித்தார். அன்று மத்தியானம் மகனைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பாரணைக்கு உன் பேரிக்காய்தான்டா. கோயிலுக்குப் போய்ட்டு வந்து மொத வாய் அதான்."

புஷ்பராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோன்பு முடிக்கிற முதல் வாயிலுமா? மற்ற நாள் ஏமாற்றியாயிற்று, இதற்கு அவனுக்கு மனசு வரவில்லை. மிச்ச ஒயினைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, மார்க்கெட்டில் கருப்புத் திராட்சை வாங்கிப் பிழிந்து, நிஜமான சாற்றில் வேகவைத்தான்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் தொடங்கிவிட்டிருந்தது. கோயிலிலிருந்து வந்த அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டார். மென்ற வாய் நின்றது.

"இது அது இல்லியே. அது தொண்டையில சூடா எறங்குமே, அது எங்க?"

கிராம்பு குறைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தவரிடம் அந்தப் பொய் வரவில்லை.

"அது ஒயின்பா."

திட்டியிருந்தால் தேவலை. கையை ஓங்கியிருந்தால் இன்னும் தேவலை.

"எத்தினி நாளா?"

"பதினஞ்சு நாளா."

"எழுவத்திரெண்டு வருஷம்டா" என்றார். அவ்வளவுதான். எழுந்து திரும்பவும் கோயிலுக்கே போனார். உப்பு, இனிப்பு, பால், தயிர், நெய், எண்ணெய் அத்தனையையும் சாகிறவரைக்கும் விட்டுவிட்டதாகச் சாமி முன்னால் சொல்லிவிட்டு வந்தார். அனுஷா காலில் விழுந்து கதறினாள்.

"நாக்குதான கெடுத்துச்சு? அதுக்கு இனிமே ஒண்ணும் கெடையாது" என்றார். பிறகு மகனைப் பார்த்தார். "கப்பலுக்கு எப்போ போற?"

"போகலப்பா."

"அப்போ நீயே கஞ்சி வெய்யி. உன் கையால வேணாம்னு நான் சொல்லலியே."

இப்போது தினமும் பொழுது சாய்வதற்குள் புஷ்பராஜ் கஞ்சி வைக்கிறான். ஏறிய இரண்டு கிலோவும் இறங்கி, அதற்குக் கீழேயும் போய்விட்டது. கொடுக்குமுன் கரண்டி நுனியில் எடுத்து ருசி பார்ப்பது கப்பலில் பழகிய கைக்குப் பழக்கம். இன்றும் பார்த்தான். உப்பு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கஞ்சியை அப்படியே கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தான்.